கட்டைப் பிரிக்காமல் ஒரு பாட்டுப் புத்தகத் தொகுதியைப் படமெடுத்தது

எங்கள் ஊர்ப் பஜனை மடத்து அலமாரியில் கிடந்த பாட்டுப் புத்தகக் கட்டு ஒருவழியாகப் படமாகி முடிந்தது. கட்டு என்றுதான் சொல்ல வேண்டும், புத்தகம் என்று சொல்ல முடியாது. எட்டுப் பக்கம், பதினாறு பக்கம் என்று தனித்தனியாக அச்சான 21 பிரசுரங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, கெட்டி அட்டையும் கலிக்கோத் துணி முதுகும் போட்டிருக்கிறார்கள். கும்மி, நொண்டிச் சிந்து, தெம்மாங்கு, ஒரு ரயில் சிந்து, ஒரு வெள்ளச் சிந்து, இரண்டு கொலைச் சிந்து. பாதிக்கு மேல் சென்னை பார்க் டவுனில் அச்சானவை; குஜிலிக் கடைப் புத்தகம் என்பார்களே, தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் புத்தகம், அந்த ரகம். தாள் பழுத்து, ஓரத்தைத் தொட்டாலே அப்பளமாக நொறுங்குகிறது. மொத்தம் 294 பக்கம்.

மடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. “எங்கப்பா கட்டினது தம்பி. பிரிக்காம எடுக்க முடிஞ்சா எடுங்க, இல்லேன்னா அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.” இந்தப் பதிவில் வரும் சிக்கல்களில் முக்கால்வாசி அந்த நிபந்தனையால் வந்தவை. ஆனாலும் அவர் சொன்னதுதான் சரி.

வேலையைத் தொடங்கும் முன் ரோஜா முத்தையா நூலகத்தின் பட்டியல், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்க்கும் ‘நூலகம்’ திட்டம் மூன்றிலும் தலைப்புகளைத் தேடிப் பார்த்தேன். சில தலைப்புகள் கிடைத்தன, ஆனால் வேறு அச்சகம், வேறு பதிப்பு. இந்த வகைப் புத்தகத்தில் ஒரே பாட்டை நாலு அச்சகம் நாலு விதமாகப் போட்டிருக்கும். அதனால் எதையும் விடாமல் எல்லாவற்றையும் எடுப்பது என்று முடிவு செய்தேன்.

முதலில் வீட்டில் இருந்த பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனர். கட்டைக் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தியதும் முதுகில் ‘டக்’ என்று ஒரு சத்தம். தையல் பக்கமாக ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்பாக விழுந்தது, வரியின் கடைசி எழுத்துகள் அதற்குள் போய்விட்டன. இறுக்கமாகத் தைத்த கட்டு 100 டிகிரிக்கு மேல் விரியாது. விரிக்க விரிக்க உடையும். ஜெராக்ஸ் கடையில் கேட்டால், “முதுகை வெட்டிக் குடுங்க சார், ஃபீடர்ல விட்டு அரை மணியில குடுத்துடறேன்” என்றார்கள். இந்தத் தாளை ஃபீடரில் விட்டால் மறுபக்கம் தூள்தான் வரும்.

அடுத்து செல்போன். 12 மெகாபிக்சல் இருக்கிறதே, போதாதா என்று நினைத்தேன். கணக்குப் போட்டால் போதும்தான். ஆனால் போன் லென்ஸ் அகலமானது. கிரவுன் 1×8 அளவுப் பக்கம், அதாவது 5 அங்குலத்துக்கு 7½ அங்குலம், படத்தை நிறைக்க வேண்டுமானால் போனை ஒரு சாணுக்கும் கீழே இறக்க வேண்டும். இறக்கினால் போனின் நிழல் பக்கத்தில் விழுகிறது, ஓர வரிகள் வளைகின்றன. ஸ்கேன் செயலிகள் இன்னொரு தொல்லை. அவையே ஓரத்தை வெட்டி, அவையே வெளுத்து, பக்க எண்ணைத் தூக்கிவிடுகின்றன. ரசீது அனுப்ப நல்ல கருவி, ஆவணத்துக்கு ஆகாது.

கடைசியில் நண்பரிடம் சும்மா கிடந்த 24 மெகாபிக்சல் டிஎஸ்எல்ஆர் கேமராவை, அதோடு வரும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸோடு வாங்கிவந்தேன். ஜூமை 55-இல் வைத்தால் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 63 சென்டிமீட்டர் உயரத்தில் கேமரா நிற்கும். நிழல் விழாது, வரிகள் நேராக இருக்கும். ஒரு ஸ்கேலைப் படமெடுத்து அளந்தேன்: 6 அங்குலத்துக்கு 3,390 பிக்சல். அப்படியென்றால் அங்குலத்துக்கு 565. அச்சு எழுத்துக்கு 300 இருந்தாலே போதும் என்பார்கள். தேய்ந்த எழுத்துக்கு 400-க்கு மேல் இருந்தால் நல்லது என்பது என் அனுபவம்.

தாங்கியை நானே செய்தேன். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய 12 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு. ஒன்று படுத்திருக்கும், இன்னொன்று அதன் ஓரத்தில் 100 டிகிரி சாய்வில் நிற்கும். எடுக்க வேண்டிய பக்கம் படுத்த பலகையில், மற்றப் பாதி சாய்ந்த பலகையில். ஒரே கேமராதான் என்பதால் ஒற்றைப்படைப் பக்கங்களை முதலில் முழுக்க எடுத்துவிட்டு, கட்டைத் திருப்பி வைத்து இரட்டைப்படைப் பக்கங்களை எடுக்க வேண்டும். கேமராவைத் தொங்கவிட அலமாரி ராக்குக்குப் போடும் ஓட்டை ஆங்கிள் இரண்டை மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். கேமராவின் அடிமரை கால் அங்குலம், ஹார்டுவேர் கடை போல்ட்டே பொருந்தும். நீளமான போல்ட்டை முழுக்க முறுக்கினால் கேமராவின் அடியைக் குத்திவிடும். நடுவில் மூன்று வாஷர் போட்டு, உள்ளே அரை சென்டிமீட்டர் மட்டும் போகிற மாதிரி வைத்தேன்.

செய்து பார்த்த பிறகுதான் ஒன்று புரிந்தது. பக்கம் புரளப் புரளப் படுத்த பலகையில் இருக்கும் பாதியின் தடிமன் மாறிக்கொண்டே போகும். கட்டின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர். கேமரா நிற்கும் உயரத்தோடு ஒப்பிட்டால் 4 சதவீதம். முதல் பக்கத்து எழுத்தும் கடைசிப் பக்கத்து எழுத்தும் வேறு வேறு அளவில் விழும், ஃபோகஸும் மெல்ல நழுவும். அதனால் கட்டுக்கு அடியில் நோட்டு அட்டைகளை முப்பது நாற்பது பக்கத்துக்கு ஒன்றாக, அந்தப் பாதி மெலிந்தால் சொருகியும் தடித்தால் உருவியும் வந்தேன். ஒவ்வொரு முறையும் திரையைப் பெரிதாக்கி ஒரு ‘க்’கைப் பார்த்து ஃபோகஸைச் சரி செய்துகொண்டேன். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட வேண்டும். பூச்சி அரித்த பக்கம் வந்தால் அது எதையோ பார்த்துக்கொண்டு நிற்கும்.

விளக்குக்கு இரண்டு மேசை விளக்கு, 12 வாட் எல்இடி பல்பு. இரண்டு பக்கமும் 45 டிகிரிக்குச் சற்றுக் கீழே. முதல் சோதனைப் படங்களில் பக்கத்தின் குறுக்கே மங்கல் பட்டைகள் விழுந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான பல்பு வினாடிக்கு 100 முறை மினுக்குகிறது. 1/125 வினாடி என்று வேகமாக எடுத்தால் மினுக்கலின் ஒரு பகுதிதான் சிக்கும். 1/50, 1/20 மாதிரி மினுக்கலை முழுசு முழுசாக அடக்கும் வேகத்தில் வைத்தால் பட்டை போய்விடும். கடைசியில் வைத்தது: லென்ஸ் துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 200, 1/20 வினாடி. வெள்ளை வெள்ளையாகவே விழ வைக்கும் வொயிட் பேலன்ஸை ஒரு வெள்ளைத் தாளைக் காட்டிப் பூட்டிவிட்டேன். கையால் அமுக்கினால் ஆடும் என்பதால் வயர் ரிமோட்.

பக்கத்தைத் தட்டையாக்க முதலில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வாங்கினேன். கனமில்லை, உடையாது, நல்ல யோசனை என்று பட்டது. துணியால் ஒரு தரம் துடைத்து வைத்ததும் ஓரத்தில் நொறுங்கிய தாள் துகள்கள் எல்லாம் தாவி அதன் அடியில் ஒட்டிக்கொண்டன. நிலைமின்சாரம். துடைத்தால் இன்னும் மோசம். ஒரு மூலையில் பாதி பிய்ந்து தொங்கிய ‘ம்’ ஒன்று அதோடே எழும்பி வந்ததும் தகட்டைத் தூக்கிப் போட்டேன். கண்ணாடிக் கடையில் 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி, 10-க்கு 14 அங்குலம், ஓரம் தேய்த்து வாங்கினேன். கனமாக இருப்பதும் நல்லதுதான், அழுத்தத் தேவையில்லை. ஒரு ஓரத்தை மடிப்பில் பொருத்தி மெதுவாக இறக்கினால் பக்கம் தானாகப் படிகிறது. கண்ணாடியில் கேமராவின் முகமே தெரிந்தது. கறுப்புச் சார்ட்டில் லென்ஸுக்கு மட்டும் ஓட்டை போட்டு மாட்டியதும் போய்விட்டது. மேலே எரியும் டியூப்லைட்டையும் அணைக்க வேண்டும், மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். சித்திரை மாதத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். நெற்றி வியர்வை கண்ணாடியில் விழுந்தால்கூடத் துடைத்துக்கொள்ளலாம், தாளில் விழுந்தால் கறைதான்.

இராமபாணப் பூச்சி துளைத்த பக்கங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப் பார்க்கும். கண்ணுக்கு அது தெரியும், கணினிக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து வரியோடு சேர்த்துப் படித்துவிடும். மெல்லிய தாளில் மறுபக்க எழுத்து தெரியாமல் இருக்க அடியில் கறுப்புத் தாள் வைப்பது வழக்கம். வைத்துப் பார்த்தேன். ஓட்டைகள் எல்லாம் கறுப்புப் பொட்டுகளாகி, மெய்யே இல்லாத இடத்தில் புள்ளி முளைத்தது. கடைசியில் பழைய பிரவுன் கவரை வெட்டி, பக்கத்தின் நிறத்துக்கு ஒத்த தாளாக வைத்தேன். மறுபக்கம் கொஞ்சம் தெரியத்தான் செய்கிறது, ஆனால் ஓட்டைகள் அடங்கிவிட்டன. ஒட்டிய பக்கங்களைப் பிரிக்க மெல்லிய எவர்சில்வர் கரண்டிக் காம்பு, தூசிக்கு மெத்தென்ற பெயின்ட் பிரஷ். யாரோ எப்போதோ ஒட்டிய செல்லோடேப் பழுத்துப்போய் இருக்கிறது. அதைத் தொடவில்லை, உரித்தால் எழுத்தோடு வரும்.

எடுத்து முடித்ததும் எண்ணிப் பார்த்தேன். ஒற்றைப்படை 147, இரட்டைப்படை 146. எங்கோ இரண்டு பக்கம் ஒன்றாகப் புரண்டிருக்கிறது. இரண்டு வரிசையையும் கோத்துப் பார்த்தால் எந்த இடத்தில் பாட்டு தொடர்பு விடுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் திரும்ப எடுத்தேன். இந்த எண்ணிக்கையைக் கட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும்.

சரி, இனி கணினி வேலை. ஸ்கேன் டெய்லர் என்ற இலவச மென்பொருளில் போட்டேன். கேமராப் படத்தில் இருக்கும் டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. ஸ்கேல் வைத்து அளந்த 565-ஐக் கையால் கொடுக்க வேண்டும். இரட்டைப்படைப் பக்கங்கள் தலைகீழாக இருக்கும், அவற்றை 180 டிகிரி திருப்ப வேண்டும். சாய்வு நிமிர்த்துவது, எழுத்துப் பகுதியைக் கட்டமிடுவது, ஓரம் விடுவது எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தன. கடைசிக் கட்டத்தில் கறுப்பு வெள்ளையாக்கி, ‘தூசி நீக்கு’ என்ற வசதியை ஓடவிட்டேன். பளிச்சென்று, நேற்று அச்சடித்த மாதிரி வந்தன பக்கங்கள். மகிழ்ச்சியாகத் தூங்கப் போனேன்.

மறுநாள் வாசித்தால் ‘அம்மன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘அமமன’. ‘பக்தர்கள்’ இருந்த இடத்தில் ‘பகதரகள’. புள்ளிகளைக் காணோம். தேய்ந்த ஈய எழுத்தில் புள்ளி முதலிலேயே மங்கலாகத்தான் விழுந்திருக்கிறது. அதைத் தூசி என்று நினைத்து மென்பொருள் துடைத்துவிட்டது. ஓலைச்சுவடியில்தான் மெய்க்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். அச்சேறி இத்தனை காலம் கழித்து இந்தப் பாட்டுகளைத் திரும்ப ஓலைக்கே அனுப்பியிருந்தேன்.

தூசி நீக்குவதை முழுக்க அணைத்தேன். கறுப்பு வெள்ளையாக்கும் அளவுகோலைக் கறுப்புப் பக்கம் நகர்த்தினேன். புள்ளிகள் திரும்பின, கூடவே கறைகளும் வந்தன. வரட்டும். அப்புறம் யோசித்து, காப்பகத்துக்குப் போகும் பிரதியைக் கறுப்பு வெள்ளையாக்குவதையே விட்டுவிட்டேன். வண்ணத்திலேயே, சாய்வை மட்டும் நிமிர்த்தி, ஓரம் வெட்டியது ஒன்று. செல்போனில் வாசிப்பவர்களுக்காகக் கறுப்பு வெள்ளையில் சின்ன பிடிஎஃப் இன்னொன்று. முழுக்கட்டுக்கும் வண்ணப் பிரதி 160 எம்பி, சின்னது 14 எம்பி. கேமராவிலிருந்து வந்த மூலப்படங்களை ஒரு பிக்சல்கூட மாற்றாமல் தனி அடைவில் வைத்திருக்கிறேன், ஏறக்குறைய 2.4 ஜிபி. நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கேமரா பதப்படுத்தாத ‘ரா’ கோப்பாக எடுக்கவில்லை. வெறும் எழுத்துக்கு நல்ல ஜேபெக் போதும் என்பது என் கட்சி.

எழுத்துணரிக்கு (ஓசிஆர், அதாவது படத்திலிருக்கும் எழுத்தைப் படித்துத் தட்டச்சாக்கும் மென்பொருள்) டெசராக்டையும் கூகுள் டாக்ஸையும் ஓட்டிப் பார்த்தேன். இந்த அச்சுக்குக் கூகுள் பரவாயில்லை. டெசராக்ட் கணினியிலேயே ஓடும், இணையம் வேண்டாம், ஆனால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய சுழித்த ‘றா’, ‘னா’, மேலே துதிக்கை வைத்த ‘லை’, ‘னை’ வந்தால் தடுமாறுகிறது. இரண்டுமே ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றி மாற்றிப் படிக்கின்றன. பழைய அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், குற்றம் சொல்ல முடியாது. பக்க எண்கள் தமிழ் எண்களில் இருப்பதால் ௧௨ என்ற பக்கம் ‘கஉ’ ஆகிவிடுகிறது. வரி முடிவில் சொல்லை எந்தக் குறியும் போடாமல் பாதியில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது அந்தக் கால வழக்கம். வரிகளை ஒட்டினால் இரண்டு சொல் ஒட்டிக்கொள்ளும், ஒட்டாவிட்டால் ஒரு சொல் இரண்டாகும். இன்னொன்று, ‘கொ’ சில இடத்தில் ஒற்றைக் குறியாகவும் சில இடத்தில் கொம்பும் காலும் தனித்தனியாகவும் ஒருங்குறியில் (யூனிகோடில்) விழுந்திருந்தது. பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் சில நிரல்களில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. அதை ஒரு சின்ன நிரலால் ஒரே வடிவுக்கு மாற்றிவிடலாம். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வுமாக விழுந்ததை மட்டும் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.

முழுவதையும் மெய்ப்புப் பார்ப்பது என்னால் ஆகாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. அதற்குப் பதில் ஒவ்வொரு பிரசுரத்துக்கும் தலைப்பு, ஆசிரியர் பெயர், அச்சகம், விலை, எல்லாப் பாட்டுகளின் முதல் அடி ஆகியவற்றை மட்டும் கையால் தட்டச்சினேன். பழைய பதிப்புகளின் பின்னால் செய்யுள் முதற்குறிப்பு அகராதி இருக்குமே, அதேதான். பாட்டைத் தேடி வருகிறவர் முதல் அடியைத்தான் தட்டுவார். பிழை மலிந்த ஓசிஆர் முழுவதையும்விட இந்த நாலு பக்கப் பட்டியல் அதிகம் உதவும் என்று நம்புகிறேன்.

ஆண்டு கண்டுபிடிப்பது சுவாரஸ்யமான வேலை. பல பிரசுரங்களில் தமிழ் வருஷம் மட்டும்தான் இருக்கிறது. ‘பிரபவ’ என்று போட்டிருந்தால் அது 1867-68 ஆகவும் இருக்கலாம், 1927-28 ஆகவும் இருக்கலாம், அறுபது வருஷச் சக்கரம். மற்றப் பிரசுரங்களோடு தாள், எழுத்து, அச்சக முகவரியை ஒப்பிட்டுத்தான் பிந்தையது என்று முடிவு செய்தேன். நானே ஊகித்த ஆண்டுகளுக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பதிப்புரிமையையும் பார்க்க வேண்டும். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது என்றால் வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60. இந்த வகையில் 18 பிரசுரங்களைத் தைரியமாக ஏற்றினேன். மீதி மூன்றில் ஆசிரியர் பெயர் இருக்கிறது, அவர் எப்போது காலமானார் என்று துப்புக் கிடைக்கவில்லை. அவை என் வட்டிலும் மடத்துப் பென்டிரைவிலும் இருக்கின்றன.

ஏற்றிய இடம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகம். முதலில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகப் போட்டேன். உள்ளே எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்று எனக்கே தேட வேண்டியிருந்ததால், பிரசுரத்துக்கு ஒன்றாகப் பிரித்து மறுபடி ஏற்றினேன். படங்களை ஜிப் செய்து, கோப்புப் பெயரின் கடைசியில் அடிக்கோடிட்டு ‘இமேஜஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் பக்கம் புரட்டும் வசதியையும் பிடிஎஃபையும் அதுவே செய்துகொள்கிறது. மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று குறிக்க மறக்கக் கூடாது. தலைப்பைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போட்டேன், நம் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள்.

செலவு: பிளைவுட் 300 ரூபாய், ஆங்கிளும் போல்ட்டும் 420, கண்ணாடி 280, வீணாய்ப்போன அக்ரிலிக் 450, இரண்டு விளக்கு பல்போடு 900, ரிமோட் 350, கறுப்புச் சார்ட் 20. மொத்தம் 2,720. கேமரா இரவல், வன்வட்டு ஏற்கெனவே இருந்தது. கேமரா வாங்கித்தான் செய்ய வேண்டும் என்றால் பழைய டிஎஸ்எல்ஆர் போதும்.

மடத்தில் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறது. அவற்றுக்கு மாற்றப்போவது சில. நோட்டு அட்டை சொருகி உருவும் வேலைக்குப் பதில், படுத்த பலகையின் அடியில் ஒரு திருகு வைத்து உயரத்தை ஏற்றி இறக்குகிற மாதிரி செய்யச் சொல்லித் தச்சரிடம் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு பிரசுரத்தின் முதல் படத்திலும் ஒரு ஸ்கேலும் ஒரு சாம்பல் அட்டையும் இருக்கும், அளவையும் நிறத்தையும் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை. முதல் அடிகளைப் படமெடுக்கும்போதே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சினால் கட்டை இரண்டாம் முறை புரட்ட வேண்டாம். பெரியவரின் பேத்தி வருகிறேன் என்றிருக்கிறாள், பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கிறேன். இரண்டாவது கட்டில் பின் அடித்த பிரசுரங்கள் இருக்கின்றன. பின் துருவேறித் தாளோடு சேர்ந்துவிட்டது. அதை எடுக்கலாமா, அப்படியே விட்டுக் கண்ணாடியை அதற்கு இரண்டு மி.மீ. தள்ளி வைக்கலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.